மிஃமார் ஸினான்: ஒரு பொறியாளரின் நூறாண்டு

ஹிஜ்ரி 981, ரமளான் பிறை 7. கிறித்தவக் கணக்கில் 1573 டிசம்பர் மாத இறுதி. உஸ்மானியப் பேரரசின் தலைமை மிஃமாருக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் ஸலீமின் பெயரால் எழுந்துகொண்டிருந்த பெரும்பள்ளி நிறைவுறும் தறுவாயில் இருந்தது. தலைநகரில் அயா சோஃபியாவின் சாய்ந்த சுவர்களுக்கு முட்டுக்கொடுக்கும் பணியும் அவருடைய பொறுப்பிலேயே நடந்துவந்தது. இந்தப் பளுவுக்கு நடுவே அவர் சுல்தானிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார். கல், சுண்ணாம்பு, கூலி எதைப் பற்றியதும் அன்று அந்த விண்ணப்பம். தம் சொந்தக்காரர்களைப் பற்றியது.

1570, 1571 ஆண்டுகளில் சைப்ரஸ் தீவு உஸ்மானியர் வசமாயிற்று. அத்தீவில் குடிகளைப் பெருக்குவதற்காக அனத்தோலியாவின் பல பகுதிகளிலிருந்து பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்கில் குடும்பங்களைப் பெயர்த்து அனுப்ப 1572-இல் ஆணை பிறந்தது. கைஸரி வட்டாரமும் அதில் அடங்கும். அங்கே அகிர்னாஸ் என்ற சிற்றூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்த தம் உறவினரை இக்கணக்கில் சேர்க்கலாகாது என்பதே மிஃமார் ஸினானின் வேண்டுகோள். சுல்தான் இசைந்தார். அப்பகுதிக் காழிக்கு ஃபர்மான் சென்றது. அந்த ஆவணம் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. ஸினானின் பிறந்த ஊர் எது என்பதை ஆய்வாளர்கள் உறுதி செய்தது பெரிதும் இந்த ஒரு தாளைக் கொண்டுதான்.

அந்தத் தாள் சொல்லும் மற்றொரு செய்தி நம்மைச் சற்றே நிற்க வைக்கிறது. அந்த உறவினர்கள் கிறித்தவர்கள். ஊரைவிட்டு வந்து அறுபது ஆண்டுகள் கழிந்து, மூன்று சுல்தான்களுக்குப் பணியாற்றி, முஸ்லிம் உலகின் மிகப் பெரிய பள்ளிவாசல்களை எழுப்பிய பின்பும், தாம் பிறந்த குடியை அவர் மறந்துவிடவில்லை. நம்பிக்கையில் வேறுபட்ட பெற்றோரிடத்திலும் உலக வாழ்வில் நல்ல முறையில் நடந்துகொள்ளுமாறு லுக்மான் அத்தியாயம் கற்பிப்பதை நம் வாசகர் அறிவர். உறவைப் பேணுதல் என்னும் அக்கடமையை அவர் எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்று அவரே எழுதி வைக்கவில்லை. செய்து வைத்திருக்கிறார்.

ஒன்றையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். குடிபெயர்ப்பு ஆணை தவறு என்று அவர் வாதிட்டதாகச் சான்று இல்லை. தம்மவருக்கு மட்டும் விலக்குக் கேட்டார். பத்தில் ஒரு வீட்டார் என்ற கணக்கு எப்படியும் நிரப்பப்பட வேண்டிய ஒன்றாகையால், அகிர்னாஸ் தப்பியதன் விலையை வேறோர் ஊர் கொடுத்திருக்கக்கூடும். அரசவையில் செல்வாக்குள்ள முதியவர் ஒருவரின் குடும்பப் பாசம் எதுவரை நீள முடியுமோ அதுவரை நீண்டது என்றே நாம் இதைக் கொள்கிறோம்.

ஸினான் பிறந்தது ஏறத்தாழ 1490-ஆம் ஆண்டு. முதலாம் ஸலீம் அரியணை ஏறிய 1512-ஐ ஒட்டி ‘தெவ்ஷிர்மே’ முறையில் இஸ்தன்பூலுக்குக் கொண்டுவரப்பட்டார். கிறித்தவக் குடிகளின் ஆண் மக்களைத் தெரிந்தெடுத்து, இஸ்லாத்தில் வளர்த்து, அரசப் பணிக்கும் படைப்பணிக்கும் பழக்கும் முறை அது. அதனை உஸ்மானியரின் பெருந்தன்மைக்குச் சான்றாகக் காட்டி எழுதுவோர் நம்மிடையே உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் வஸீர்களாக உயர்ந்தார்கள் என்பது மெய். ஆனால் பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரித்த முறை அது என்பதும் மெய். பாதுகாப்பு வாக்களிக்கப்பட்ட திம்மிகளின் மக்களை இவ்வாறு எடுப்பது ஷரீஅத்துக்கு எவ்வாறு பொருந்தும் என்ற கேள்வியைப் பெரும்புகழ் பேசும் வரலாறுகள் மெல்லக் கடந்து போய்விடுகின்றன. ஸினானின் மேன்மையைப் பேசுவதற்கு அந்த முறையைப் பூசி மெழுக வேண்டிய தேவை நமக்கில்லை.

ஆவணங்களில் அவர் ‘ஸினான் இப்னு அப்துல் மன்னான்’ என்றே குறிக்கப்படுகிறார். இஸ்லாத்தைத் தழுவியவர்களின் தந்தை பெயருக்குப் பதிலாக அல்லாஹ்வின் அடிமை என்னும் பொருள் தரும் பெயரை எழுதுவது அக்கால வழக்கம். தந்தையின் உண்மைப் பெயர் ஏட்டில் நிலைக்கவில்லை. தந்தையின் ஊர் மட்டும், மேலே கண்டவாறு, மகனின் விண்ணப்பத்தால் நிலைத்தது.

ஸினானின் வாழ்வை நாம் அறிவதற்கு முதன்மையான மூலம் அவருடைய நண்பரும் கவிஞருமான ஸாயி முஸ்தஃபா செலபி எழுதிய வரலாறுகள். ‘தஸ்கிரத்துல் புன்யான்’, ‘தஸ்கிரத்துல் அப்னியா’ என்பன அவற்றின் பெயர்கள். முதுமையில் ஸினான் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதியவை. கட்டடக் கலைஞர் ஒருவர் தம் பணியைத் தம் வாய்மொழியாகவே விட்டுச்செல்வது அந்நூற்றாண்டின் முஸ்லிம் உலகில் மிக அரிது. முதியவர்கள் தம் வாழ்வைச் சொல்லும்போது வெற்றிகள் சற்றுப் பெருத்தும் தோல்விகள் சற்று மெலிந்தும் வருவது இயல்பு. இந்நூல்களும் அதற்கு விலக்கல்ல.

புதுப் படைஞர் பயிற்சியில் அவர் தேர்ந்தெடுத்த கைத்தொழில் தச்சு. பின்னர் யெனிச்சேரிப் படையில் சேர்ந்து 1521-இல் பெல்கிரேடு, 1522-இல் ரோட்ஸ், 1526-இல் மொஹாச் எனப் போர்க்களங்களுக்குச் சென்றார். சென்ற இடமெங்கும் பாழடைந்த கோட்டைகளையும் பழைய கட்டடங்களையும் கண்டு பாடம் கற்றதாக அவர் நினைவுகூர்கிறார். பிற்காலத்து மாணவர் மதரஸாவில் கற்றதை இவர் படைநடையில் கற்றார். சுவர் எங்கே விழுகிறது என்று பீரங்கி முனையில் நின்று பார்த்தவருக்கு, சுவர் எதனால் நிற்கிறது என்பது தானாகவே விளங்கியிருக்கும்.

1534-இல் தொடங்கிய இராக் படையெடுப்பின்போது வான் ஏரியின் மறுகரையில் ஸஃபவிப் படையின் நிலை தெரியாமல் தளபதி லுத்ஃபி பாஷா தவித்தார். ஸினான் அங்கேயே மரம் வெட்டி மூன்று போர்க்கலங்களைக் கட்டி, பீரங்கி ஏற்றி, தாமே அவற்றை நடத்திச் சென்று வேவு பார்த்து வந்தார். 1538-இல் மோல்டேவியப் போரில் புரூத் ஆற்றைப் படை கடக்க வேண்டியிருந்தது. கரை முழுதும் சேறு. பிறர் கட்டிய பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேற்றில் அமிழ்ந்தன. ஸினான் இரண்டு வாரத்துக்குள் ஒரு மரப்பாலத்தை முடித்துக் கொடுத்தார். சுல்தான் சுலைமானும் படையும் அதன் மேல் ஆற்றைக் கடந்தனர்.

லுத்ஃபி பாஷா இவற்றை மறக்கவில்லை. அவர் தலைமை வஸீரான 1539-ஐ ஒட்டி, தலைமை மிஃமாராக இருந்த அஜம் அலி இறந்திருந்தார். அவ்விடத்துக்கு அவர் முன்மொழிந்த பெயர் ஸினான். இவ்விடத்தில் தஸ்கிரா தரும் செய்தி நமக்கு மிகவும் விருப்பமானது. அந்தப் பதவி அவருக்கு முதலில் மகிழ்ச்சி தரவில்லையாம். யெனிச்சேரிப் படையையும் தோழர்களையும் விட்டுப் பிரிவது துயரமாக இருந்தது. பிறகு, பள்ளிவாசல்கள் பலவற்றைக் கட்டும் பேறு இதனால் கிட்டுமே, அது இம்மைக்கும் மறுமைக்கும் பயன் தருமே என்று எண்ணி ஏற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. பிற மனிதர் ஓய்வை எண்ணத் தொடங்கும் வயதில் அவருடைய உண்மையான வாழ்வு தொடங்கியது. அடுத்த ஐம்பது ஆண்டுகள் அப்பதவியில் அவரே இருந்தார்.

அப்பதவியைப் பெருங்கட்டடங்களுக்கு வரைபடம் எழுதித் தரும் வேலை என்று மட்டும் எண்ணிவிடலாகாது. நகரத்தின் கூரைகள், தெருக்கள், தீப்பிடிக்கும் மரவீடுகள், செங்கல்லின் அளவு, கொத்தர்களின் கூலி, கழிவுநீர்ச் சாக்கடை, கோட்டைகளைப் பழுதுபார்த்தல் அனைத்தும் அவருடைய அலுவலகத்தின் கண்காணிப்பில் இருந்தன. இன்றைய சொல்லில் கூறுவதானால், அவர் கட்டடக் கலைஞரைவிட அரசின் தலைமைப் பொறியாளர் என்பதற்கே நெருக்கமானவர்.

1543-இல் இறந்த இளவரசர் முஹம்மதின் நினைவாகக் கட்டிய ஷஹ்ஸாதா பள்ளி 1548-இல் நிறைவுற்றது. சுலைமானிய்யா 1550-இல் தொடங்கி 1557-இல் திறக்கப்பட்டது. முதலாவது தமது மாணவப் பருவப் பணி, இரண்டாவது தேர்ந்த தொழிலாளியின் பணி, எதிர்னேயின் ஸலீமிய்யாவே ஆசானின் பணி என்று அவர் கூறியதாக வழங்குகிறது. சுலைமானிய்யாவை மாணவனைக் கடந்த நிலையில் மட்டுமே வைக்கும் மனிதரின் தன்மதிப்பீடு எத்தகையது!

சுலைமானிய்யாவின் கணக்கேடுகள் இன்றும் உள்ளன. துருக்கிய வரலாற்றறிஞர் ஓமர் லுத்ஃபி பர்கான் அவற்றை ஆராய்ந்து பதிப்பித்தார். அதில் பணியாற்றிய கைவினைஞர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கிறித்தவர்கள், பாதிப்பேர் முஸ்லிம்கள். யார் எத்தனை நாள் வந்தார், எவ்வளவு கூலி பெற்றார் என்பதெல்லாம் பதிவாகியுள்ளன. ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் எஃபெந்தி மிஹ்ராபுக்கு முதற்கல் நாட்டினார். ஏறத்தாழ 26 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம், தரையிலிருந்து 50 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. குத்பாவின் குரல் கலங்காமல் சேர வேண்டுமென்று, வாய் திறந்த மண்குடங்களைக் குவிமாடத்தின் உட்புறத்தில் பதித்து ஓசையை அடக்கியிருக்கிறார்.

அக்கட்டுமானத்தின் இறுதிக்கட்டம் அமைதியாகக் கழியவில்லை. குவிமாடம் நிற்காது, சாரத்தைப் பிரித்தால் விழுந்துவிடும், கிழவருக்கு அறிவு தடுமாறிவிட்டது என்று பொறாமையாளர்கள் சுல்தானின் காதில் ஓதினர். ஒருநாள் சுல்தான் சினத்துடன் வந்து, பணி எப்போது முடியும் என்று கேட்டார். இரண்டு மாதத்தில் முடியும் என்றார் ஸினான். கேட்டவர்கள் அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே முடிவு செய்தனர். நகரத்திலிருந்த வேலையாட்களை எல்லாம் திரட்டி இரவும் பகலுமாக உழைத்துச் சொன்ன தவணையில் முடித்தார். திறப்பு நாளில் சாவியைச் சுல்தான் அவர் கையிலேயே கொடுத்து, கதவைத் திறக்கும் உரிமை அவருக்கே என்றார். இதைச் சொல்பவர் ஸினானே என்பதையும் நாம் நினைவில் கொள்வோம். ஆயினும் திறப்பு நாளில் மிஃமாரைப் பின்வரிசையில் நிறுத்திவிடும் வழக்கம் எல்லாக் காலத்துக்கும் உரியதாகையால், இந்நிகழ்ச்சியை நம்பவே நமக்கு விருப்பம்.

பள்ளிவாசல்களைப் பற்றி எழுதியவர்கள் பலர். அவர் கொண்டுவந்த தண்ணீரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நம் பார்வையில் ஸினானின் மார்க்கப் பற்று முழுமையாக வெளிப்பட்டது அங்கேதான்.

சுலைமான் காலத்து இஸ்தன்பூல் வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது. ரோமானியர் காலத்து வாய்க்கால்கள் சிதைந்திருந்தன. ஏழைகள் வசித்த தாழ்வான பகுதிகளிலும் தண்ணீர் ஓட வேண்டும் என்பது சுல்தானின் விருப்பம். நகருக்கு வடக்கிலுள்ள காட்டுப் பள்ளத்தாக்குகளில் ஸினான் ஓடைகளைத் தற்காலிகமாகத் தடுத்து, நீர்வரத்தை அளந்து, கொண்டுவர முடியும் என்று கணக்குக் காட்டினார். தலைமை வஸீர் ருஸ்தம் பாஷா இத்திட்டத்தை எதிர்த்தார். தண்ணீர் மலிந்தால் நாட்டுப்புறத்து மக்கள் எல்லாம் தலைநகரில் வந்து குவிவார்கள் என்பது அவருடைய அச்சம். கருவூலத்தைக் காத்தவர் என்ற முறையில் அவர் கணக்கு முற்றிலும் பிழையென்று சொல்லவும் முடியாது. சுல்தான் அதற்குச் செவி சாய்க்கவில்லை.

‘கிர்க்செஷ்மே’, அதாவது நாற்பது ஊற்று என்னும் அந்நீர்வழி 1554-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்தது. நீளம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். தண்ணீரை மேலேற்றும் பொறி எதுவும் இல்லை. தொடக்கம் முதல் நகரம் வரை மிக மெல்லிய சரிவு ஒன்றே நீரை நடத்துகிறது. சரிவு கூடினால் நீர் சுவரை அரிக்கும், குறைந்தால் தேங்கிப் பாசி பிடிக்கும். மலைப்பகுதியில் இத்தனை தொலைவுக்கு அச்சரிவைக் காப்பாற்றுவதற்குப் பள்ளத்தாக்குகளின் மேல் கல்வளைவுப் பாலங்கள் கட்டி அவற்றின் முதுகில் வாய்க்காலை ஓட்டினார். அவற்றில் உசூன் கெமெர் 700 மீட்டருக்கும் மேல் நீண்டது. மக்லோவா பாலம் ஏறத்தாழ 36 மீட்டர் உயரம்.

1563 செப்டம்பரில் பெய்த கடும்மழையில் மக்லோவா பாலம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. ஸினானின் நீண்ட வாழ்வில் நேர்ந்த பெரிய தோல்வி என்று இதைத்தான் சொல்ல வேண்டும். எழுபதைத் தாண்டிய வயதில் அவர் அதே இடத்தில் மீண்டும் தொடங்கினார். இன்று நாம் காண்பது அவ்வாறு மீண்டும் எழுந்த பாலம். தூண்களின் அடிப்பகுதி கூம்பிப் பரந்து, வெள்ளத்தையும் காற்றையும் பக்கவாட்டில் தாங்கும்படி அமைந்திருக்கிறது. மேலே செல்லச் செல்ல மெலிகிறது. பொறியியல் ஆசிரியர்கள் ஸினானின் தலைசிறந்த படைப்பாக ஸலீமிய்யாவைச் சொல்வதா மக்லோவாவைச் சொல்வதா என்று தயங்குவதற்கு நியாயம் உண்டு. வெள்ளம் கற்பித்த பாடம் அந்தத் தூண்களில் கல்லாகி நிற்கிறது.

ஸலீமிய்யாவைப் பற்றியும் ஒரு சொல். 1568-ஐ ஒட்டித் தொடங்கி 1575-இல் திறக்கப்பட்ட அப்பள்ளியின் குவிமாடம் எட்டுத் தூண்களின் மேல் 31 மீட்டருக்கும் சற்று மிகுந்த விட்டத்தில் கவிந்திருக்கிறது. அயா சோஃபியாவைப் போன்ற குவிமாடத்தை முஸ்லிம்களால் கட்ட இயலாது என்று கிறித்தவக் கலைஞர்கள் பேசியது தம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்ததாகவும், ஸலீமிய்யாவில் அதை அகலத்திலும் உயரத்திலும் மிஞ்சிவிட்டதாகவும் ஸினான் கூறுகிறார். அகலத்தில் இரண்டும் ஏறத்தாழச் சமம். தரையிலிருந்து அளந்தால் அயா சோஃபியாவே உயரம். இக்கூற்றை அளவுநாடா இல்லாமல் திரும்பத் திரும்ப எழுதுவது நம் பத்திரிகைகளில் வழக்கமாகிவிட்டது. ஸலீமிய்யாவின் சிறப்புக்கு அந்தப் போட்டி தேவையே இல்லை. உள்ளே நுழையும் ஒருவர் எந்த மூலையில் நின்றாலும் ஒரே கூரையின் கீழ், ஒரே ஜமாஅத்தில் நிற்கும் உணர்வைப் பெறுகிறார். அயா சோஃபியாவில் அது கிட்டுவதில்லை. தாம் மிஞ்ச எண்ணிய அந்தப் பழைய கட்டடத்தை அதே ஆண்டுகளில் முட்டுச்சுவர் கொடுத்து விழாமல் காத்தவரும் ஸினானே.

அவருடைய இல்லற வாழ்வைப் பற்றி இன்று பரவலாக வழங்கும் கதை, சுல்தானின் மகள் மிஹ்ரிமாவை அவர் காதலித்தார் என்பது. சமகாலச் சான்று எதுவும் இதற்கில்லை. இத்தகைய கதைகளுக்குச் செலவிடப்படும் மையில் ஒரு துளி அவருடைய வக்ஃபுப் பத்திரத்துக்குச் செலவிடப்பட்டிருந்தால் உண்மையான குடும்பத்தை நாம் அறிந்திருப்போம். இப்பத்திரத்தை இப்ராஹீம் ஹக்கி கொன்யாலி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளியிட்டார். அதில் மனைவி மிஹ்ரி வருகிறார். உம்முஹான், நஸ்லிஹான் என்ற மகள்கள் வருகின்றனர். மகன் முஹம்மதின் பெயருக்கு முன் ஷஹீத் என்ற அடைமொழி நிற்கிறது. தந்தை உயிரோடிருக்கையில் மகன் போரில் இறந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற மகள் ஃபக்ரியின் பெயரும் அதில் உண்டு. தந்தையை இழந்த பேத்திக்குத் தாத்தாவின் சொத்துரிமை பற்றி நம் வீடுகளில் எழும் வினாக்களை அறிந்தவர்கள், இந்தப் பெயர் ஏன் பத்திரத்தில் தனியே எழுதப்பட்டது என்பதை எளிதில் உணர்வர்.

வீடுகள், கடைகள் முதலிய தம் சொத்துகளை அவர் வக்ஃபு செய்தார். அதில் குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு, பொதுநலத்துக்கும் பங்கு உண்டு. இஸ்தன்பூலில் ஒரு சிறு பள்ளிவாசல், பிள்ளைகள் குர்ஆன் ஓதப் பயிலும் ஒரு மக்தப், தண்ணீர்ப் பந்தல்கள் ஆகியவை அவருடைய சொந்தப் பொருளில் எழுந்தவை. சுல்தான்களுக்குக் கட்டிய மனிதர் தம் பெயரில் கட்டிக்கொண்ட பள்ளி மிகச் சிறியது. அவருடைய கொடைகளில் நம்மை மிகவும் தொடுவது அகிர்னாஸில் அமைத்த நீரூற்று. தாம் பிரித்தெடுக்கப்பட்ட ஊருக்கு அவர் திருப்பியனுப்பியது தண்ணீர். அதில் முகந்தவர்களில் அவருடைய கிறித்தவ உறவினரும் இருந்திருப்பர்.

மக்காவிலுள்ள மஸ்ஜிதுல் ஹராமின் முற்றத்தைச் சுற்றி மரக்கூரையாக இருந்த தாழ்வாரங்களை மாற்றி, சிறு குவிமாடங்கள் வரிசையாய் அமைந்த கல் தாழ்வாரங்கள் 1571-க்கும் 1577-க்கும் இடையில் கட்டப்பட்டன. அப்பணி ஸினானின் பணிகளில் ஒன்றாகத் தஸ்கிராவில் இடம்பெறுகிறது. களத்தில் நின்று கட்டியவர்கள் வேறு மிஃமார்கள். 1584-ஐ ஒட்டி, தொண்ணூறைக் கடந்த வயதில், தம் அலுவலைப் பதிலாள் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். தொலைவிலிருந்து பொறுப்பேற்ற குவிமாடங்களின் நிழலில் அந்த முதியவர் நின்றிருப்பார். கஅபாவைச் சுற்றி நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஹாஜிகள் கண்ட காட்சி அது. இந்நூற்றாண்டின் விரிவாக்கப் பணிகளில் அத்தாழ்வாரங்கள் கழற்றப்பட்டன. அவற்றின் ஒரு பகுதி மீண்டும் பொருத்தப்பட்டுள்ளது.

ஹிஜ்ரி 996-இல், கி.பி. 1588-இல், அவர் காலமானார். பட்டியல்களில் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கட்டடங்கள் 400-க்கு மேல். சுலைமானிய்யாவின் மதிலுக்கு வெளியே, தெருமுனையின் சிறு முக்கோண நிலத்தில், தம் வீட்டை ஒட்டி, தாமே அமைத்த எளிய கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். முனையில் வழிப்போக்கருக்கான தண்ணீர்ப் பந்தல்.

அங்கும் அவருக்கு முழு அமைதி கிட்டவில்லை. அவர் கிரேக்கரா, அர்மீனியரா, துருக்கியரா என்ற பூசல் இருபதாம் நூற்றாண்டில் முற்றியது. 1935-இல், மண்டையோட்டை அளந்து இனத்தை நிறுவும் நோக்கில், கல்லறை திறக்கப்பட்டது. அம்மண்டையோடு பிறகு கல்லறையில் காணப்படவில்லை என்று துருக்கிய ஏடுகள் எழுதின. தந்தையின் பெயருக்குப் பதிலாக அப்துல் மன்னான் என்று எழுதிக்கொண்ட மனிதரிடம் எலும்பை அளந்து குலம் கேட்டது அந்தக் காலம்.

கல்லறையிலுள்ள கவிதைக் கல்வெட்டு ஸாயி எழுதியது. நண்பர் நூறாண்டுக்கு மேல் வாழ்ந்தார் என்று அது குறிக்கிறது. பிறைக் கணக்கில் அது பொருந்தும். சுல்தான் சுலைமானுக்காகக் கட்டிய பள்ளி ஒன்றை அது பெயர் சொல்லாமல் குறிக்கிறது, மற்றப் பள்ளிவாசல்களை எண்ணிக்கையாகவே சொல்கிறது. சுலைமானிய்யாவின் பெயரோ ஸலீமிய்யாவின் பெயரோ அதில் இல்லை. பெயரோடு சொல்லப்படுவது, 1567-இல் முடிந்த செக்மெஜே பாலம் ஒன்றே. அதற்கும் முன்னதாக, நகருக்கு அவர் கொண்டுவந்த தண்ணீர் இடம்பெறுகிறது. கடைசியில், அவ்வழியே செல்லும் முதியோரும் இளையோரும் அவருக்காக ஒரு ஃபாத்திஹா ஓதிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறது.